பூ எப்பம் வேணும்?

ஆடி பிறந்துவிட்டால் மாடித்தோட்டம் வைத்திருக்கும் எல்லோர் வாயிலும் ஒரே பழமொழிதான்: 'ஆடிப்பட்டம் தேடி விதை.' விதைக் கடைகளில் கூட்டம் சேரும். வாட்ஸ்அப் குழுக்களில் பாகல், புடலை, வெண்டை விதைகளோடு செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ், கோழிக்கொண்டைப் பொட்டலங்களும் கைமாறும். காய்கறிக்கு அது சரி. பூவுக்கும் சரிதானா என்ற கேள்வி பல வருடங்களாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சென்னையில் ஆடியில் விதைத்த செண்டுமல்லி புரட்டாசிக் கடைசியில் பூக்கத் தொடங்கும். செடி முழுக்கப் பூத்துக் குலுங்க வேண்டிய நேரத்தில் ஐப்பசி மழை வந்துவிடும். அடுக்கடுக்கான இதழ்களுக்குள் தண்ணீர் நின்று, பூ கனத்து, காம்பு மடங்கி, இரண்டே நாளில் பழுப்பாகி அழுகிப்போகும். சென்னைக்கு வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். அதிலும் நவம்பர்தான் உச்சம். அந்த நவம்பரை நோக்கி எல்லோரும் சேர்ந்து பூச்செடியை வளர்த்துக்கொண்டு போகிறோம். ஏன் என்று கேட்டால், ஆடிப்பட்டம் என்பார்கள்.

பழமொழியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது மானாவாரி நிலத்துக்கானது. ஆடியில் கிடைக்கும் ஈரத்தில் விதைத்தால் பயிர் வேர்பிடித்து நிற்கும், பின்னால் வரும் பருவமழையைக் குடித்து வளர்ந்து, தை வாக்கில் வீட்டுக்கு வரும். மழையை நம்பி மட்டுமே விதைக்க முடிந்தவர்களின் அறிவு அது. மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் இடத்தில், தானியத்துக்குப் பதிலாகப் பூவை எதிர்பார்த்து விதைக்கும்போது, அதே மழை துணையாக இருக்காமல் தடையாகிவிடுகிறது. நமக்கு வேண்டியது வேறொரு கணக்கு.

பதியன் போட்டே பழகியவர்கள்

இந்தக் கணக்கு நம்மிடம் ஏன் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். பூவோடு இவ்வளவு நெருக்கமாக வாழும் ஊர்கள் உலகத்தில் குறைவுதான். ஆனாலும் பூ விதைப்பது பற்றி நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. காரணம் எளிது. நம் தலையிலும் சாமி படத்திலும் ஏறும் பூக்களில் பெரும்பாலானவை விதையிலிருந்து வருபவை அல்ல. மல்லியும் முல்லையும் பிச்சியும் பதியன். ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் போனால் மல்லிகைப் பதியன் உற்பத்தியே ஒரு தொழிலாக நடப்பதைப் பார்க்கலாம். ரோஜா ஒட்டு, அல்லது குச்சி. அரளி குச்சி. சம்பங்கி கிழங்கு. சாமந்திக்குத் தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக்கன்று. கனகாம்பரத்தில் நாட்டு வகை விதையில் வரும். காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை சிதறுவதைச் சின்ன வயதில் எச்சிலைத் தொட்டு வைத்து விளையாடியவர்களுக்குத் தெரியும். ஆனால் இன்று சந்தையில் அதிகம் பார்க்கும் டெல்லி கனகாம்பரம் விதையே வைக்காது. அதுவும் குச்சியில்தான்.

ஆக, பாட்டியிடமிருந்து நமக்கு வந்ததெல்லாம் குச்சி நடுகிற அறிவு: எந்த மாதம் வெட்டுவது, எந்தக் கணுவைப் புதைப்பது, எப்போது கவாத்து செய்வது. செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, காசித்தும்பை போன்ற ஒரு சில பூக்கள்தான் விதையில் வந்தன. அவையும் முக்கால்வாசி தானாகக் கொட்டித் தானாக முளைத்தவை. ஜினியா, காஸ்மாஸ், பெட்டூனியா எல்லாம் பொட்டலத்தில் வந்தவை. பொட்டலத்தின் பின்புறம் அச்சடித்திருக்கும் மாதமோ பெரும்பாலும் நமக்கானதாக இருப்பதில்லை. வெளிநாட்டுப் பொட்டலம் கடைசி உறைபனி போனபின் விதைக்கச் சொல்கிறது. வட இந்தியப் பொட்டலம் செப்டம்பர், அக்டோபர் என்கிறது. அங்கே அதன்பின் வறண்ட குளிர்காலம் வரும். இங்கே புயல் வரும்.

சித்தப்பாவின் கணக்கு

தென்காசிப் பக்கம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கிணற்றுப் பாசன நிலம் உண்டு. அதில் ஒரு பகுதியில் கேந்தி போடுவார். சென்னையில் செண்டுமல்லி என்று சொல்வது அங்கே கேந்தி. இன்னும் தெற்கே, தோவாளைச் சந்தையில் கிரேந்தி. வைகாசிக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது அவர் மேட்டுப்பாத்தி கட்டி நாற்று விட்டுக்கொண்டிருந்தார். குற்றாலத்தில் சாரல் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை, ஆனால் மலைக்காற்று வரத் தொடங்கியிருந்தது. "ஆடிக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்கே சித்தப்பா, இப்பவே விதைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிராமலே சொன்னார். "ஏல, ஆடில விதைச்சா ஓணத்துக்குப் பூ எங்கேருந்து வரும்? ஒனக்குப் பூ எப்பம் வேணும்? மொதல்ல அதச் சொல்லு. வெத எப்பம் போடணும்னு நான் சொல்லுதேன்."

அதற்குப் பிறகு வரப்பில் உட்கார்ந்து விரல்விட்டு அவர் போட்டுக்காட்டிய கணக்குதான் என் கேள்விக்குக் கிடைத்த முதல் உருப்படியான பதில். கேரளத்தில் ஓணத்துக்குப் போடும் பூக்கோலமான அத்தப்பூக்களம் அத்தம் நாளில் தொடங்கித் திருவோணம் வரை நடக்கும். பூ தேவைப்படுவது அந்தப் பத்து நாளுக்கு. திருவோணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் முதல் பறிப்பு வரும்போது பாதிக் களம் முடிந்திருக்கும். ஆகவே அத்தத்திலிருந்து எண்ண வேண்டும். நட்டதிலிருந்து பறிப்புக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து நாள். விதைத்ததிலிருந்து நடவுக்கு இருபத்தைந்து நாள். மொத்தம் எண்பது. 2025இல் திருவோணம் செப்டம்பர் 5, அதனால் அத்தம் ஆகஸ்ட் கடைசி வாரத்தில். எண்பது நாள் பின்னால் போனால் ஜூன் முதல் பத்து நாளுக்குள் வந்து நிற்கிறது. அதாவது வைகாசிக் கடைசி. 2023இல் திருவோணம் ஆகஸ்ட் 29. அதற்கு ஜூன் பிறக்கும்போதே விதை மண்ணில் இருந்திருக்க வேண்டும். விதை ஒன்றுதான், நிலம் ஒன்றுதான். நாள் மட்டும் பண்டிகையோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது.

கணக்கு அதோடு முடியவில்லை. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்துப் பூ கூடும், செடி குட்டையாக நின்று ஆனி ஆடிக் காற்றைத் தாங்கும். ஆனால் முதல் பூ ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போகும். கிள்ளுவது என்று முடிவெடுத்தால் அந்த நாளையும் முன்கூட்டியே சேர்த்து விதைக்க வேண்டும். வானம் மூடியே கிடந்தால் இன்னும் தள்ளும். அதனால் எல்லா விதையையும் அவர் ஒரே நாளில் போடுவதில்லை. ஒரு வாரம் இடைவெளி விட்டு இன்னொரு பாத்தி போடுவார். ஒன்று முந்தினால் இன்னொன்று பிந்தும், நடுவில் சந்தை நாள் தப்பாது.

"அப்போ ஆடிப்பட்டம்?" என்றேன். "அது பருத்திக்கும் பயறுக்கும்லா. பூவுக்கு ஏதுடே பட்டம்? பண்டிகதான் பட்டம்" என்றார்.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதக் கண்காட்சிக்குத் தொட்டி அடுக்குகிறவர்களும், பெங்களூரு லால்பாக்கில் குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் மலர்க்காட்சி நடத்துகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். திறப்பு நாளை முதலில் குறித்துவிட்டு, ஒவ்வொரு பூவுக்கும் எத்தனை வாரம் என்று பின்னால் எண்ணி, மாதக்கணக்கில் முன்பே தொடங்குகிறார்கள். வீட்டுத்தோட்டத்துக்கு இந்தப் பழக்கம் ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். நாம் விதை கையில் கிடைத்த நாளில் விதைக்கிறோம்.

பொங்கலுக்குச் செண்டுமல்லி

தென்காசியில் ஓணம் என்றால் சென்னையில் எனக்கு இரண்டு நாட்கள் முக்கியம்: ஆயுத பூஜை, பொங்கல். ஆயுத பூஜைக்கு ஆடி விதைப்பு ஓரளவு பொருந்திவிடும். ஆனால் அந்த நாளும் நகரும். 2023இல் அக்டோபர் 23, 2024இல் அக்டோபர் 11, 2025இல் அக்டோபர் 1. மூன்று வருடத்தில் மூன்று வாரம் முன்னே வந்துவிட்டது. ஆடிப்பெருக்கன்று விதைத்தவருக்கு 2023இல் பூஜைக்குப் பூ கிடைத்திருக்கும், 2025இல் மொட்டுதான் கிடைத்திருக்கும்.

பொங்கல் நகராது. ஜனவரி 14 அல்லது 15. எண்பது நாள் பின்னால் போனால் அக்டோபர் 25 வாக்கில், ஐப்பசியின் முதல் பாதியில் வந்து நிற்போம். சரியாகப் பருவமழை தொடங்கும் நேரம். நாற்றை எடுத்து நட வேண்டிய நாள் நவம்பர் 20ஐ ஒட்டி, மழையின் நடு வயிற்றில். இங்கேதான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள், மழை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. மழை முடிய டிசம்பர் ஆகும். 2023இல் மிக்ஜாம் புயல் வந்ததே டிசம்பர் முதல் வாரத்தில்தான். அதற்குப் பிறகு விதைத்தால் பொங்கலும் போய்விடும், மாசி வெயிலில்தான் பூ.

என் வழி இது. விதைப்புக்கு மழை தடையே இல்லை, ஏனென்றால் நாற்று வளர்க்கும் குழித்தட்டு வைக்க இரண்டு அடி இடம் போதும், அது சன்ஷேடுக்கு அடியிலோ வராந்தா விளிம்பிலோ இருக்கலாம். மழை படாத, ஆனால் வெளிச்சம் விழும் இடமாக இருந்தால் சரி. பிரச்சினை நடவில்தான் வருகிறது. நாற்றைக் குழித்தட்டிலேயே வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் செண்டுமல்லி சின்னச் செடியாகவே மொட்டு வைத்துவிடும். குளிர்காலத்தில் பகல் குறைவதும் அதைப் பூக்கத் தூண்டுகிறது. அப்படி மொட்டு வைத்த நாற்றைப் பிறகு எவ்வளவு பெரிய தொட்டியில் வைத்தாலும் வளர்ச்சி பழையபடி வராது. ஆகவே நாலு ஜோடி இலை வந்ததும் தம்ளர் அளவுப் பைக்கு மாற்றி, அதையும் கூரை ஓரத்திலேயே வைத்து, மழை ஓய்ந்த இடைவெளிகளில் வெயில் காட்டி, டிசம்பர் முதல் பாதியில் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகிறேன். வேர் உடையாமல் மாறுவதால் செடி வாடுவதில்லை. முதல் பூக்கள் மார்கழிக் கடைசியில் வந்துவிடுகின்றன.

இவ்வளவு மெனக்கெட முடியாதவர்களுக்குக் குட்டைச் செண்டுமல்லி இருக்கிறது. சின்னப் பூ, சிவப்பும் மஞ்சளும் கலந்தது. அது விதைத்து ஐம்பது நாளிலேயே பூக்கும். நவம்பர் கடைசியில் கூரைக்கு அடியில் விதைத்து, மழை தெளிந்ததும் வெளியே வைத்தால் பொங்கலுக்கு வந்துவிடும். மாலை கட்டப் பெரிய பூ போல உதவாது, வாசலுக்கு அழகு. ஜினியாவையும் காஸ்மாஸையும் நான் பொங்கலுக்கு எண்ணுவதில்லை. காற்றில் ஈரம் கூடினாலே ஜினியா இலையில் சாம்பல் நோய் பூத்துவிடும். மழை முழுதாக விட்டபின் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோ நேரடியாகத் தொட்டியிலேயே விதைத்தால் தை, மாசி முழுக்க அது நின்று பூக்கும். காஸ்மாஸுக்கு உரம் அதிகம் போடக்கூடாது, போட்டால் ஆளுயரம் இலைதான் மிஞ்சும். வாடாமல்லியும் பத்துமணிப்பூவும் வெயிலுக்கு. தையில் விதைத்தால் மற்றதெல்லாம் வாடும் சித்திரையில் அவைதான் மாடியைக் காப்பாற்றும். ஆடிக்கு உண்மையிலேயே பொருந்துவது காசித்தும்பை. ஆவணி, புரட்டாசி ஈரம் அதற்குப் பிடிக்கும், பெருமழைக்கு முன் பூத்து முடித்து, காயைத் தொட்டால் வெடித்து, அடுத்த வருடத்துக்குத் தானே விதைத்துவிட்டும் போகும்.

மண்ணில் போடுவது

எப்போது என்பது முடிவானால், எப்படி என்பது விதையைக் கையில் வைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். விதையின் தடிமன் எவ்வளவோ அதைப்போல இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். செண்டுமல்லி விதை நீளமாக, ஊசி மாதிரி, ஒரு நுனியில் வைக்கோல் நிறக் குஞ்சத்தோடு இருக்கும். அதைப் படுக்க வைத்து லேசாக மூடினால் ஐந்தாறு நாளில் எழுந்துவிடும். கோழிக்கொண்டை விதை பளபளக்கும் கருப்புப் பொடி. பெட்டூனியா அதைவிட நுண்மை, ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அதை மூடவே கூடாது, முளைக்க வெளிச்சம் வேண்டும். கொஞ்சம் காய்ந்த மணலோடு கலந்து தூவி, தட்டில் தண்ணீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். நித்தியகல்யாணி நேர் எதிர். அதற்கு முளைக்கும்வரை இருட்டு வேண்டும். சங்குப்பூ விதைக்குத் தோல் கல் மாதிரி. இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மறுநாளும் உப்பாத விதையை மட்டும் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டுப் போடலாம்.

நாற்றைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். கழுத்தில் நூல் கட்டியது மாதிரி தண்டு சுருங்கி, வரிசையாகச் சாயும் நாற்றழுகலை மழைக்காலத்தில் விதைக்கிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மண்ணிலிருக்கும் பூஞ்சைதான் காரணம், ஈரமும் நெருக்கமும் அதற்குத் துணை. கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவோடு மண்புழு உரம் கலந்து, அதில் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கொஞ்சம் சேர்த்துவிட்டால் பெருமளவு தப்பிக்கலாம். ஈரம் காக்க மேலே சாக்கு போட்டு மூடுகிறவர்கள், முதல் முளை தெரிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும். ஒருநாள் தாமதமானாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும். இன்னொன்று, எறும்பு. மொட்டைமாடியில் விதைத்த விதையை எறும்பு ஒரே மதியத்தில் வரிசையாக எடுத்துக்கொண்டு போய்விடும். தட்டின் நான்கு மூலைக்கும் அடியில் தண்ணீர் கிண்ணம் வைப்பதைத் தவிர வேறு எதையும் நான் நம்புவதில்லை.

கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் விதை செத்திருந்தால் மூன்று வாரம் போய்விடும், பண்டிகை காத்திருக்காது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பிரித்த பொட்டலம் வேகமாகக் கெடும். ஆகவே விதைப்பு நாளுக்குப் பத்து நாள் முன்பே பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஐந்துக்குக் கீழே முளைத்தால் புதிது வாங்க அவகாசம் இருக்கும். வீரிய ஒட்டுச் செண்டுமல்லியில் எடுத்த விதை தாயைப் போலவே வராது. சிலது ஒற்றை அடுக்காக நிற்கும். மாலைக்குப் பூ வேண்டும் என்றால் விதை புதிதாக வாங்கிவிடுங்கள். வாடாமல்லி, காசித்தும்பை விதையை வருடாவருடம் நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பரங்கிப்பூ

நம் மரபில் பூவுக்கென்று நாள் பார்த்து விதைக்கும் வழக்கம் ஒன்று இருந்திருக்கிறது என்பது இதையெல்லாம் யோசித்த பிறகுதான் உறைத்தது. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணி உருண்டையில் செருகும் பரங்கிப்பூ. பூ மார்கழி முதல் நாளே வேண்டும், முப்பது விடியலுக்கும் வேண்டும். பரங்கிக் கொடியில் முதலில் வருவது ஆண்பூ. பெண்பூ அதற்குப் பல நாள் கழித்துத்தான். ஆகவே கோலத்துக்கு ஆண்பூவைப் பறிப்பதால் காய்ப்புக்குக் குறைவில்லை, மகரந்தத்துக்கு இரண்டொரு பூவை விட்டுவைத்தால் போதும். விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளில் ஆண்பூ வரும். மார்கழி பிறப்பது டிசம்பர் 16ஐ ஒட்டி. பின்னால் எண்ணினால் நவம்பர் பிறக்கும்போது விதை மண்ணில் இருக்க வேண்டும். வேலியோரம், குப்பைமேட்டில், கூரை ஏற்றி விட்டவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மார்கழியில் அவர்கள் வாசலில் பூ இருந்தது.

இந்த வருடம் மாடியில் அதைத்தான் போடப் போகிறேன். ஒரு கொடி தினமும் பூக்காது, அதனால் மூன்று பை, ஒரு வார இடைவெளியில், முதல் விதை ஐப்பசி முதல் வாரத்தில். மழைத் தண்ணீர் நின்று வேர் அழுகாமல் இருக்கப் பையின் அடியில் செங்கல் துண்டும், மேல்மண் நடுவில் கூம்பாகவும். பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் சுருங்கிவிடும் என்பதால் படிக்கட்டுக்குப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் கொடியை ஏற்றிவிட்டால் கோலம் போட இறங்கும்போதே பறித்துக்கொள்ளலாம். அந்தச் சுவருக்குக் காலை வெயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று மட்டும் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது.